பொம்மை வந்த பெட்டியில்தான் பூனை உட்காரும்

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது, பெண். கருத்தடை செய்தாயிற்று. இரண்டாம் மாடி வாடகை வீடு என்பதால் வெளியே விடுவதில்லை. 450 ரூபாய் கொடுத்து பேட்டரியில் ஓடும் எலி ஒன்று வாங்கினோம். இரண்டு நாள் துரத்தியது, அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது வந்த அட்டைப்பெட்டியில்தான் குடியிருக்கிறது. விடிகாலை நாலரைக்கு என் கால்விரலைக் கடித்து எழுப்புகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் பொருட்களை வைத்தே ஏதாவது செய்து கொடுக்கலாமா? எதைக் கொடுக்கக் கூடாது? ஏழு வயது மகளும் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறாள். (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் பொம்மைக்குச் செலவழிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். பூனை பொம்மையை ஒதுக்கியதற்கும் பெட்டியைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

பூனைக்கு விளையாட்டு என்பது வேட்டைதான். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பொம்மையை அடுத்தடுத்துக் கொடுத்தபோது பூனைகளுக்கு ஆர்வம் குறைந்துகொண்டே போனது. உடனே வேறு மாதிரியான ஒன்றைக் கொடுத்ததும் மறுபடி பாய்ந்தன. ஆக, பூனைக்கு அலுப்பது விளையாட்டு இல்லை, அந்தப் பொருள். நிஜ எலி என்றால் கடிக்கக் கடிக்க மாறும். ரத்தம் வரும், தோல் பிய்யும். பிளாஸ்டிக் எலி எத்தனை கடித்தாலும் அப்படியே இருக்கிறது. இதில் ஒன்றும் தேறாது என்று பூனை முடிவு கட்டிவிடுகிறது. அதனால்தான் கிழியக்கூடிய, கசங்கக்கூடிய, சரசரக்கக்கூடிய வீட்டுக் குப்பை கடைப் பொம்மையைத் தோற்கடிக்கிறது.

பெட்டி விஷயமும் இப்படித்தான். பதுங்கி இருந்து பாய்கிற பிராணிக்கு மூன்று பக்கம் மறைவும் ஒரு பக்கம் வாசலும் உள்ள இடம் சொர்க்கம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மிரட்சி தெளிந்தன. எனவே அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

செய்முறைக்கு முன்னால் நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

போன ஆடியில் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்தாலும் வாந்தி. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தால், அடிநாக்கில் வெள்ளையாக ஒரு நூல் வளையம். பிரியாணி பார்சல் கட்டி வந்த நூல். குப்பைக்கூடையிலிருந்து கறி வாசனைக்கு எடுத்து மென்றிருக்கிறது. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. நூல் ஒருமுறை அதில் சிக்கிவிட்டால் பூனை நினைத்தாலும் துப்ப முடியாது, விழுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ளும், மறு முனை குடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் குவியுமே, குடல் அப்படிக் குவியும். விட்டால் நூலே குடலை அறுத்துவிடும். அந்தப் பூனைக்குக் குடலில் இரண்டு இடத்தில் திறக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது. எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை.

ஆகவே பார்சல் நூல், பூக்கட்டிய நூல், ஊசியோடு கிடக்கும் தையல் நூல், ரப்பர் பேண்ட், ஜரிகை, அலங்காரத் தோரணத்தின் மினுமினுப்பு இழை, உங்கள் மகளின் ஹேர் பேண்ட் எதுவுமே பொம்மை ஆகக் கூடாது. நூல்கண்டோடு பூனைக்குட்டி விளையாடும் காலண்டர் படத்தைப் பார்த்து எத்தனை பேர் ஏமாந்தார்களோ! சரி, நூலே இல்லாமல் தூண்டில் பொம்மை எப்படிச் செய்வது? அதற்கு நம் வீட்டு விளக்குமாறு இருக்கிறது.

தென்னை ஈர்க்குச்சியில் நீளமானதாக, வளைந்து கொடுப்பதாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். புது விளக்குமாற்றிலிருந்து உருவினால் நல்லது, தரை துடைத்த ரசாயனம் இருக்காது. இரண்டையும் சேர்த்து, பிடிக்கும் பக்கத்தைப் பழைய துணியால் சுற்றிவிடுங்கள். மெலிந்த நுனி கண்ணில் குத்தும். அதனால் பழைய பருத்திச் சேலையிலிருந்து இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் ஒரு பட்டை கிழித்து நுனியில் இறுக முடிச்சுப் போட்டு மூடுங்கள். மிச்சத் துணி வால் மாதிரி தொங்கட்டும். நுனியை லேசாக அசைத்தால் துணி தானாகத் துடிக்கும். பட்டை அகலமாக இருப்பதால் சட்டென்று தொண்டைக்குள் போகாது. இருந்தாலும் இது நீங்கள் கையில் பிடித்திருக்கும்போது மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும், கதவும் பூட்டியிருக்க வேண்டும்.

ஆட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் பூனையின் மூக்குக்கு நேராக நீட்டி ஆட்டுகிறார்கள். ஏறக்குறைய 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. தவிர, எந்த எலி தானாக வந்து பூனையின் வாயில் விழும்? துணி நுனி பூனையை விட்டு விலகி ஓட வேண்டும். சோபாவுக்கு அடியில் போக வேண்டும், நின்று லேசாகத் துடிக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரில் பல்லி எப்படிப் போகிறது என்று இரண்டு நிமிடம் பாருங்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பூனை குனிந்து, பின்பக்கத்தை ஆட்டிக் குறி பார்க்கிறதா? அப்போது அவசரப்படாமல் அப்படியே நிறுத்திவையுங்கள். பாய்வதற்கு முன்னால் வரும் அந்தக் காத்திருப்பும் அதற்கு விளையாட்டுதான். நாலைந்து தடவைக்கு ஒரு தடவையாவது பிடிபடட்டும். பிடிபடவே பிடிபடாத ஒன்றைத் துரத்தினால் எரிச்சல்தான் மிஞ்சும். லேசர் வெளிச்சம் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்.

துரத்தும் ஆசைக்கு ஈர்க்குச்சி. கட்டிப்பிடித்து உதைக்கும் ஆசைக்கு ஒற்றையாகிப்போன பள்ளிக்கூட சாக்ஸ். இது எல்லார் வீட்டிலும் இருக்கும், ஜோடிதான் இருக்காது. மேல்விளிம்பில் இருக்கும் எலாஸ்டிக்கை முழுதாக வெட்டி எறிந்துவிடுங்கள். உள்ளே பழைய பனியனை வெட்டிய துண்டுகளைத் திணியுங்கள். தெர்மகோல் வேண்டாம். அரிசி, பயறு வேண்டவே வேண்டாம், எறும்பும் வண்டும் வரும். ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் கெட்டியாக வந்ததும் வாயைச் சாக்ஸ் துணியாலேயே முடிச்சுப் போடுங்கள். முன்னங்காலால் அணைத்துக்கொண்டு பின்னங்காலால் உதைக்க அந்த நீளம் தேவை. பொத்தானில் கண், மூக்கு வைக்கும் ஆசை மகளுக்கு வரும். பேனாவால் வரையச் சொல்லுங்கள். சிவப்பு நிறம் பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும், நீலமும் மஞ்சளும் எடுப்பாகத் தெரியும். நிறம் பெரிய விஷயம் இல்லை, அசைவுதான் முக்கியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியை எடுக்காதீர்கள். அந்த நாப்தலின் பூனைக்கு விஷம். கற்பூரமும் அப்படியே. துவைத்தாலும் வாசனை மிச்சம் இருந்தால் அந்தத் துணி வேண்டாம்.

வாசனை என்றதும் ஞாபகம் வருகிறது. மேல்நாட்டில் பொம்மைக்குள் கேட்னிப் என்ற இலையை வைப்பார்கள். நம் ஊரில் அதற்கு ஈடாக வேலியோரம் சும்மாவே முளைத்துக் கிடக்கிறது குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால், வேரில் முகத்தைத் தேய்த்துப் புரண்டு பூனை மயங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். எல்லாப் பூனையும் மயங்குவதில்லை, என் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. கொடுப்பதானால் மண் போகக் கழுவிய வேரை ஐந்து நிமிடம் முகர விட்டு எடுத்துவிடுங்கள். தின்ன விடாதீர்கள், அந்தச் செடியில் உடலுக்கு ஆகாத பொருட்களும் இருக்கின்றன.

மகளுக்கு ஏற்ற வேலை பெட்டியும் முட்டை அட்டையும்தான். பெட்டியில் இருக்கும் ஸ்டேப்ளர் கம்பியையும் பிளாஸ்டிக் டேப்பையும் முதலில் பிய்த்துவிடுங்கள். பக்கவாட்டில் அவள் வட்டம் வரையட்டும், வெட்டுவது நீங்கள். ஓட்டை ஒன்று பாதம் மட்டும் நுழையும்படி சின்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பூனையே தாராளமாகப் போய்வரும்படி பெரிதாக இருக்க வேண்டும். தலை நுழைந்து தோளில் மாட்டுகிற நடுத்தர ஓட்டைதான் வம்பு. உள்ளே செய்தித்தாளைக் கசக்கி நாலைந்து பந்து போடுங்கள். நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, பூனைக் காது 60 ஆயிரத்தையும் தாண்டிக் கேட்கும். நமக்குச் சரசர என்று மட்டும் கேட்கும் பேப்பருக்குள் அதற்கு என்னென்ன கேட்கிறதோ! கைப்பிடி உள்ள பை எதையாவது விளையாடக் கொடுத்தால் கைப்பிடியை வெட்டிவிடுங்கள், கழுத்தில் மாட்டும். பிளாஸ்டிக் கவர் கூடாது.

முட்டை அட்டையில் அன்றைய பாக்கெட் தீனியில் ஒரு பிடியைக் குழிக்கு இரண்டு மூன்றாகப் போட்டு, சில குழிகளைக் காகிதப் பந்தால் மூடினால், பாதத்தால் நோண்டி எடுத்துத் தின்னும். முட்டைக் கறை படியாத சுத்தமான அட்டையாக இருக்கட்டும். மீன் கொடுப்பவர்கள் கருவாட்டைப் போட வேண்டாம், உப்பு அதிகம். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன் போதும். ஆனால் அட்டை ஊறிவிடும் என்பதால் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, அடியில் ஒளித்து வைக்கலாம். விளிம்பை மட்டும் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். முதல் நாள் சுலபமாக வையுங்கள். கண்டுபிடிக்கத் தெரியாமல் பூனை பட்டினி கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து நிலைமை மோசமாகிவிடும்.

தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டுத் தீனி உருட்டும் பொம்மையைப் பலர் செய்கிறார்கள். செய்யலாம், எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. வெட்டின விளிம்பு கூர்மையாக இருக்கும், மூடிக்குக் கீழே நிற்கும் வளையத்தைப் பூனை கடித்து விழுங்கும். செய்வதானால் மூடி, வளையம், லேபிள் மூன்றையும் எடுத்துவிட்டு, ஓட்டையே போடாமல் வாய் வழியாகத் தீனி விழும்படி விடுங்கள்.

சரி, நாலரை மணிக் கதை. பூனை சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும்தான், அதை மாற்ற முடியாது. ஆனால் வேட்டையாடு, தின்னு, நக்கிச் சுத்தம் செய், தூங்கு என்ற அதன் வரிசையை நமக்குச் சாதகமாக நகர்த்தலாம். ராத்திரி நீங்கள் படுக்கப் போகும் முன் ஈர்க்குச்சியை எடுத்து 10 நிமிடம் நன்றாக ஓட விடுங்கள். கடைசிப் பாய்ச்சலில் பிடிபடட்டும். உடனே ராத்திரிச் சாப்பாடு. படுக்கும்போது முட்டை அட்டையில் கொஞ்சம் தீனி போட்டு, படுக்கையறைக்குத் தள்ளி வையுங்கள். விடிகாலையில் அதற்கு அங்கே வேலை இருக்கும். அப்படியும் கால்விரலுக்கு வந்தால் எழுந்திருக்காதீர்கள், திட்டாதீர்கள், சாப்பாடு வைக்காதீர்கள். திட்டுகூட அதற்கு ஒரு பதில்தான். முதல் சில நாட்கள் இன்னும் அதிகமாகப் படுத்தும், தாக்குப்பிடியுங்கள். வீட்டில் யாரும் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாமலும் இருக்க வேண்டும். பகலில் மகளின் விரல் பொம்மை என்றால் ராத்திரி உங்கள் விரலும் பொம்மைதான்.

எல்லாப் பொம்மையையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். இரண்டை வெளியே வைத்து மற்றதை ஒளித்துவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எடுத்து வைக்கும்போது பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நூல் தொங்கினால் குப்பைக்கு. கடிப்பதோடு நிற்காமல் துணியையோ அட்டையையோ தின்கிற பூனை என்றால், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அவற்றைக் கொடுக்கவே கூடாது.

மீறி எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கினால், அன்றே மருத்துவரிடம் போங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள். உள்ளே குடல் சுருங்கியிருந்தால் நீங்கள் இழுக்கும் இழுப்பே அதை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அந்த 450 ரூபாய் எலியையும் எறிய வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு மாதம் பரணில் போட்டு வையுங்கள். அப்புறம் எடுத்து, நீங்கள் கிழித்த அதே சேலைத் துணியில் பாதி தெரிய, பாதி தெரியாமல் சுற்றி சோபா ஓரத்தில் வைத்துப் பாருங்கள்.