வீட்டுத்தோட்ட வெண்டி, கத்தரி விதையை அடுத்த போகத்துக்கு எப்படி எடுத்து வைப்பது?

கறிக்குப் பிடுங்கி மிஞ்சிய காயில் எடுத்த விதை பாதிகூட முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. விதைக்காய் கடைசியாக மிஞ்சியதாக இருக்கக்கூடாது, முதலிலேயே ஒதுக்கியதாக இருக்க வேண்டும். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம். மாரி மழையோடு போடும் காலபோக வெண்டி காய்க்கத் தொடங்கியதுமே வளவைச் சுற்றிவருவேன். பக்கத்துச் செடிகளில் இலை நரம்பு மஞ்சளடித்தும் தான் பச்சையாக நிற்கிற செடி ஒன்று எப்படியும் இருக்கும். அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் வீட்டில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

வெண்டி செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். மழை விட்டு மாசி வெயில் வரும்போது அது சரியாக அமையும். கத்தரிக்காய் மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆகும்வரை விடுங்கள். பிறகு தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதை ஊற்றிவிடலாம். தக்காளி என்றால் சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள், விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு போய்விடும்.

உச்சி வெயிலில் சீமெந்துத் தரையில் மட்டும் காயப்போடாதீர்கள், விதை வெந்துவிடும். சுளகில் பரப்பி நிழலில் காயவிட்டு, காலை வெயில் கொஞ்சம் காட்டினால் போதும். நன்றாகக் காய்ந்ததும் சலித்த அடுப்புச் சாம்பலோடு போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். பயிற்றை விதைக்கு வண்டு வரும், காய்ந்த வேப்பிலையும் சேருங்கள்.

பைக்கற்றில் எஃப்1 என்று இருந்தால் அது கலப்பின விதை. அதில் விதை எடுத்தால் அடுத்த முறை ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக வரும். அதற்காக மெனக்கெட வேண்டாம்.

புரட்டாதியில் நாற்றுப் போட முன் பத்து விதையை ஈரச் சாக்கில் சுற்றிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்லது.

இன்னொன்று, ஒரு பிடி விதையை வேறொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். 2009 போர்க்கால இடப்பெயர்வில் எங்கள் விதைப் போத்தல்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு திரும்பி வந்தபோது, அம்மா முன்னொருமுறை கொடுத்திருந்த கத்தரி விதையின் வழியை வவுனியாவில் பெரியம்மா தன் வளவில் விடாமல் போட்டு வந்திருந்தார். அந்தக் கத்தரிதான் இன்றைக்கும் எங்கள் கிணற்றடியில் காய்க்கிறது.