மீயொலிக் கருவி மாட்டினால் படகில் பாசி பிடிக்காதா?

மரத்தில் கட்டி மேலே ஃபைபர் போர்த்திய விசைப்படகு. மீயொலிக் கருவி மாட்டலாமா?

வேண்டாம். இந்தக் கருவி, படகின் உள்பக்கம் ஒட்டிய ட்ரான்ஸ்டூசர் (அதிர்வு எழுப்பும் உறுப்பு) வழியாகப் படகின் உடலை அதிரவைத்துப் பாசியைத் தடுக்கப் பார்க்கிறது. மரம் அந்த ஒலியைக் குடித்துவிடும். வெளியே இருக்கும் ஃபைபர் தோலுக்கு அதிர்வு போய்ச் சேராது. ஸ்டீல், அலுமினியம், நடுவில் எதுவும் வைக்காமல் வார்த்த கெட்டி ஃபைபர், இந்த மூன்றுக்குத்தான் இது.

ஃபைபருக்குள் ஃபோம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டி ஃபைபர் கணீரென்னும். ஃபோமோ பால்சா என்ற லேசான மரமோ இருந்தால் சத்தம் மந்தமாகும். சந்தேகம் தீராவிட்டால், படகு கரையில் இருக்கும்போது கடல்நீர் வால்வு ஒன்றைக் கழற்றித் துளையின் விளிம்பைப் பார்த்துவிடலாம். ஃபோம் இருந்தால், ட்ரான்ஸ்டூசர் உட்காரும் இடத்தில் மட்டும் உள்தோலையும் ஃபோமையும் வெட்டி எடுத்து வெளித்தோலில் ஒட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தை எபாக்ஸியால் மூட மறந்தால் படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும்.

ஸ்டீல் படகில் ஒட்டியது மூன்றே மாதத்தில் கழன்றுவிட்டது. எபாக்ஸி மட்டமா?

எபாக்ஸியைத் திட்டும் முன் கழன்ற ரிங்கை (ட்ரான்ஸ்டூசரைப் பிடித்திருக்கும் வளையம்) திருப்பிப் பாருங்கள். பசையோடு பெயின்டும் உரிந்து வந்திருந்தால், பெயின்ட் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பசை வழவழவென்று இருந்தால் அடியில் எண்ணெய். ஊசி குத்தியது போலக் குழிகள் இருந்தால் காற்று. மூன்றில் காற்றுதான் மோசம். கழலாமல் நின்றாலும் ஒலி அதைத் தாண்டாது. கருவியின் பெட்டியில் விளக்கு எரியும், வெளியே பாசியும் வளரும்.

முதலில் அசிட்டோன், அப்புறம்தான் கிரைண்டர். என்ஜின் ரூம் தகட்டில் டீசல் படிந்திருக்கும். துடைக்காமல் தேய்த்தால் அதைத் தகட்டிலேயே பூசிவிடுவீர்கள். பளிச்சென்று இரும்பு தெரிந்ததும் மறுபடி அசிட்டோன் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒட்டுங்கள். கடற்காற்றில் துரு உடனே பூத்துவிடும். ஃபைபர் என்றால் 80 நம்பர் உப்புத்தாள் போதும், ஆனால் இடம் சமதளமாக வர வேண்டும். சிலிக்கான் பக்கமே போகாதீர்கள், அது ரப்பர், அதிர்வைக் குடித்துவிடும்.

எபாக்ஸியைக் கொஞ்சமாகக் கலக்குங்கள். 25 டிகிரியில் 20 நிமிடம் தாங்குவது 35 டிகிரியில் ஏறக்குறைய பத்தே நிமிடம்தான். ரிங்கை லேசாகத் திருகியபடி அழுத்தினால் சுற்றிலும் பசை பிதுங்கும். பிதுங்காத பக்கம் காற்று நிற்கிறது என்று அர்த்தம். 24 மணி நேரம் இறுகும்வரை கருவியை ஓட்டக் கூடாது. ஓட்டியபின் ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பக்கத்துத் தகட்டில் வைத்துப் பிடியைக் காதில் வையுங்கள். டிக்டிக் என்று கேட்கும். சில மாதம் கழித்து அது மங்கினால் ஒட்டு விட்டுப்போகிறது.

பேட்டரி தாங்குமா?

சராசரி 10 வாட் இழுக்கும் கருவி 12 வோல்ட்டில் நாளுக்கு 20 ஆம்பியர்-மணி தின்னும். 100 ஆம்பியர்-மணி லெட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் இரண்டரை நாள். துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்கும் படகுக்கு 100 வாட் சோலார் பேனல் வையுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ட்ரான்ஸ்டூசர் வயரை மட்டும் வெட்டி நீட்டாதீர்கள். அதில் ஓடுவது உயர் வோல்டேஜ்.

இனி பாசி தடுக்கும் பெயின்ட் வேண்டாம்தானே?

வேண்டும். நம் வெப்பக் கடலில் இதை மட்டும் நம்பி இறங்குவது சூதாட்டம். புதிதாகப் பாசிப்படலம் உருவாவதைத்தான் இது கலைக்கும், ஏற்கெனவே ஒட்டிய பார்னக்கிளை (ஓடுள்ள சிறு கடலுயிரி) உதிர்க்காது. அதனால் சுரண்டிச் சுத்தமாக்கிப் பெயின்ட் அடித்தபின் கருவியை ஓட்டுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் அதற்குத் தோதானது. ப்ரொப்பெல்லருக்கு ஒலி சரியாகப் போகாது. அதைத் தனியாகச் சுரண்டத்தான் வேண்டும். தினமும் மணலில் ஏற்றும் ஃபைபர் படகுக்கு இந்தச் செலவே தேவையில்லை.

மீன் ஓடிவிடாதா?

பெரும்பாலான மீன்களுக்குச் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது. கருவி ஓடுவது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். டால்பினுக்கு நன்றாகக் கேட்கும். எப்படியும் பாசி பெரும்பாலும் பிடிப்பது படகு நிற்கும்போதுதான். தொழிலுக்குப் போகையில் அணைத்துவிடுங்கள், ஆழமும் மீனும் காட்டும் எக்கோசவுண்டர் திரையிலும் கோடுகள் விழாது.