ஒரு கொயில் பழுதென்றால் நான்கையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ, 1500 சிசி கார் இருக்கிறது. மாரி மழை தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நடுங்குகிறது. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. செக் எஞ்சின் விளக்கும் மினுங்குகிறது. கராஜில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, பி0302 என்று காட்டுவதாகவும் நான்கு இக்னிஷன் கொயில்களையும் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த வேலையை வீட்டில் நானே செய்யலாமா?
வாசகர், உவர்மலை, திருக்கோணமலை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் புதுக் கொயில் வாங்குவதற்கு முன்னர், ஒரு சதமும் செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் நான்கையும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

அதற்கும் முன்பாக ஓர் எச்சரிக்கை. அந்த விளக்கு விடாமல் எரிவது வேறு, மினுங்குவது வேறு. மினுங்கினால், சிலிண்டரில் எரியாத பெற்றோல் சைலன்சர் குழாய் வழியே போய்க் கற்றலிற்றிக் கொன்வேட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) அளவுமீறிச் சூடாக்குகிறது என்று கொள்ள வேண்டும். அது உள்ளே உருகி அடைத்துக்கொண்டால் வரும் செலவின் முன்னால் கொயில் விலை ஒன்றுமே இல்லை. ஆகவே வேலை முடியும்வரை காரை உவர்மலை ஏற்றத்தில் மிதித்து ஏற்ற வேண்டாம், வீட்டிலேயே நிற்கட்டும்.

உங்கள் காரில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயிலாக நான்கு இருக்கின்றன. பற்றரியின் 12 வோல்ற்றைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திப் பிளக்கில் பொறி பறக்கச் செய்வது அவற்றின் வேலை. பி0302 என்ற எண் 2ஆம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே சொல்கிறது. கொயில்தான் காரணம் என்று சொல்லவில்லை. பிளக், இன்ஜெக்டர் (பெற்றோலைத் தெளிக்கும் பாகம்), கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) ஆகியவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். எனவே எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டுப் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள். மேலேயுள்ள பிளாஸ்ரிக் மூடியைத் தூக்கினால் நான்கு கொயில்களும் வரிசையாகத் தெரியும். பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பது 1ஆவது, அடுத்தது 2ஆவது.

வயர் சொருகியிருக்கும் கனெக்டரை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். இத்தனை வருடச் சூட்டில் அதன் பூட்டு நாக்கு பப்படம் போல நொறுங்கும் நிலையில் இருக்கும். பெருவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு, வயரைப் பிடிக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து அசைத்து எடுங்கள். பிறகு 10 மில்லிமீற்றர் சொக்கெட்டால் ஒரேயொரு போல்டைக் கழற்றி, கொயிலை இடமும் வலமும் சற்றே திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் றப்பர் விட்டுக்கொடுக்கும். அப்போது நேராக மேலே தூக்குங்கள். 2ஆவது கொயிலை 4ஆவது இடத்திலும், 4ஆவதை 2ஆவது இடத்திலும் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, ஸ்கேனரால் பழைய கோட் எண்ணை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். பிளக்குகளை இப்போது இடம் மாற்றக் கூடாது. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று தெரியாமல் போகும். கோட் பி0304 என மாறினால் கொயில்தான் பழுது, அந்த ஒன்றை மாற்றினால் போதும். பி0302 என்றே நின்றால் கொயிலைக் குறைசொல்லாமல் பிளக்கைப் பாருங்கள்.

கொயில் வெளியே இருக்கும்போது, அது இருந்த குழிக்குள் கட்டாயம் ரோச் அடித்துப் பாருங்கள். இந்த வேலையில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் எஞ்சினின் மேல் மூடியான வால்வு கவரின் றப்பர் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுக் கொயில் போட்டால் அதன் றப்பரும் எண்ணெயில் ஊறி உப்பிப் பழுதாகும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு ஓடியிருந்தால், மின்சாரம் பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. பிளக்கையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியைத் தாண்டக் கொயில் கூடுதல் வோல்ற் கொடுக்க வேண்டியிருப்பதால், பிளக்கைக் கவனிக்காதவர் கொயிலைத் திரும்பத் திரும்ப மாற்றுவார். கடற்காற்று வீசும் நம் ஊரில் கனெக்டரின் செப்பு முனைகளில் பச்சைப் பூப்பு படிவதும் சாதாரணம். கொன்ரக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தமாக்கும் ஸ்பிரே) அடித்துத் துடைத்தாலே சில கார்கள் சரியாகிவிடும்.

பிளக்கைக் கழற்றுவதானால் முதலில் குழிக்குள் காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட் வேண்டும். புதுப் பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். கொயில் போல்டுக்குச் சுமார் 9 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதுமானது. அலுமினியத்தில் மரை போனால் அது பெரிய வேலை. கொயில் வாங்கும்போது பெட்டியை நம்பாமல், பழையதின் மேல் 90919 என்று தொடங்கும் பாக எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நிலாவெளிக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு எஞ்சினையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். மறுநாளே மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிதல் தவறி எஞ்சின் நடுங்குவது) வந்துவிட்டது. கொயில் எரிந்துவிட்டதா?
வாசகி, கிண்ணியா

பதில்: பெரும்பாலும் இல்லை, பயப்பட வேண்டாம். பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். மேலே சொன்னபடி நான்கு கொயில்களையும் கழற்றி, அவற்றின் றப்பர்களையும் கனெக்டர்களையும் குழிகளையும் காற்றடித்து நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். அதற்குப் பிறகும் மிஸ்ஸிங் தொடர்ந்தால் மட்டும் கொயில்களை இடம் மாற்றிச் சோதியுங்கள். இனிமேல் எஞ்சினின் மேற்பகுதியை ஈரத் துணியால் துடையுங்கள், தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.