லோடு தரும் நிறுவனத்திடமே லாரியை லீஸுக்கு எடுக்கலாமா?

அமெரிக்காவில் சம்பளத்துக்கு லாரி ஓட்டும் ஒருவர், தம் நிறுவனம் நடத்தும் லீஸ்-பர்ச்சேஸ் திட்டத்தில் (லாரியை வாடகைத் தவணையில் எடுத்து, கட்டி முடித்ததும் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டில்) சேர்ந்தால் சில ஆண்டுகளில் சொந்த லாரிக்காரர் ஆகிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனவர்கள் உண்டு. ஆயினும், லோடு கொடுப்பவரும் லாரி கொடுப்பவரும் ஒரே நிறுவனமாக இருந்தால் அந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. லாரி ஓட்டுநர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், அவர்களுடைய வாராந்தர செட்டில்மெண்ட் தாள்களை, அதாவது வரவும் பிடித்தமும் காட்டும் கணக்குத் தாள்களைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தாளின் மேற்பகுதியில் லோடு வருமானம் இருக்கும். அதன் கீழே லாரித் தவணை, டிரெய்லர் வாடகை, காப்பீடு, டீசல், பராமரிப்பு நிதி, எஸ்க்ரோ (நிறுவனம் பிடித்துவைக்கும் பிணைத்தொகை) என்று பிடித்தங்கள் வரிசையாக இறங்கும். லாரி ஓடினாலும் பட்டறையில் நின்றாலும் தவணை நிற்பதில்லை என்பதால், லோடு குறைந்த வாரத்தில் பிடித்தம் வருமானத்தை மிஞ்சிவிடுகிறது. அந்தப் பாக்கி அடுத்த வாரத்துக் கணக்கில் ஏறுகிறது. உங்களுக்கு எத்தனை லோடு தருவது என்பதைத் தீர்மானிப்பதோ தவணை வாங்கும் அதே நிறுவனம். லோடு போதவில்லை என்று லாரியை வேறு நிறுவனத்துக்கு ஓட்டிச் செல்லவும் இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் இடமில்லை. நடுவில் விலகினால் அதுவரை கட்டியதெல்லாம் வாடகையாகவே கழிந்துவிடும். அதே லாரியை நிறுவனம் அடுத்த ஓட்டுநருக்கு லீஸுக்கு விடும்.

இது என் தனிப்பட்ட கசப்பு அன்று. 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட லாரி லீஸ் பணிக்குழு, 2025 ஜனவரியில் வெளியான தன் அறிக்கையில், இத்திட்டங்களைத் தடை செய்யுமாறு நாடாளுமன்றத்துக்கே பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2019இல், நியூ பிரைம் நிறுவனத்துக்கு எதிராக லீஸ் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த வழக்கில், காகிதத்தில் ஒப்பந்தக்காரர் என்று எழுதப்பட்ட போக்குவரத்துத் தொழிலாளியையும் தகராறுகளை நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் தீர்க்கச் சொல்லும் ஒப்பந்தங்களுக்கு வலுவூட்டும் கூட்டாட்சி மத்தியஸ்தச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனைக்குப் பிறகும் சேர நினைத்தால், கையெழுத்துக்கு வருபவை இரண்டு ஒப்பந்தங்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்று லாரிக்கானது; மற்றொன்று, அந்த லாரியோடு நிறுவனத்துக்காக ஓடுவதற்கானது. இரண்டாவதற்குக் கூட்டாட்சி விதிகளின் பகுதி 376 ஓரளவு பாதுகாப்பு தருகிறது: லோடு இறக்கிய ஆவணங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், எதை எதைப் பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் எஸ்க்ரோ மீதியைத் திருப்பித் தர வேண்டும், தம்மிடமே பொருளோ சேவையோ வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. லாரிக்கான ஒப்பந்தத்தில் இத்தகைய காவல் குறைவு என்பதால், அதைத்தான் கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட வேண்டும். கடைசித் தவணையாக ஒரு பெருந்தொகை ஒளிந்திருக்கிறதா, கட்டி முடித்ததும் லாரியின் உரிமைப் பத்திரம் உங்கள் பெயருக்கு மாறுமா, எஞ்சினும் புகை வடிகட்டியும் பழுதானால் செலவு யாருடையது என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். (புகை வடிகட்டிப் பழுது ஒன்றே பல மாத மிச்சத்தைத் தின்றுவிடக்கூடியது.)

வரியையும் மறக்க வேண்டாம். சம்பளக்காரராக இருந்தவரை சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டு வரிகளில் பாதியை நிறுவனம் கட்டியது. இனி சுயதொழில் வரியான 15.3 சதவீதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். அதையும் வருமான வரியையும் ஆண்டுக்கு நான்கு முறை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால், இன்னும் சில காலம் சம்பளத்துக்கே ஓட்டி முன்பணமும் பழுதுபார்ப்புக்கான கையிருப்பும் சேர்த்துக்கொண்டு, லோடோடு தொடர்பில்லாத ஒரு வங்கியிடமோ லீஸ் நிறுவனத்திடமோ பழைய லாரி ஒன்றை எடுங்கள். அதை ஏதாவது ஒரு சரக்கு நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் ஓட்டலாம். தவணை அப்போதும் சுமைதான். ஆனால் லோடு சரியில்லை என்றால் அதே லாரியோடு அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம். உங்கள் நிறுவனத்தின் திட்டமே வேண்டும் என்றால், இதுவரை சேர்ந்தவர்களில் எத்தனை பேர் லாரியைச் சொந்தமாக்கி முடித்தார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்திட வேண்டாம்.