அகார் சரியாகிவிடும், காளான் வித்தைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பின்பக்க பல்கனியில் மரத்தூள் நிரப்பிய சிப்பிக் காளான் பொதிகள் வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய வித்தை, அதாவது காளான் நூல் படர்ந்த தானியத்தை, போட்ட பொதிகளில் பாதிக்குப் பாதி பச்சை பிடித்துப் போகிறது. அதனால் வித்துக்கு மூலமான தாய் வித்தை நானே எடுக்கலாம் என்று, அதை வளர்க்கும் உறைகூழான உருளைக்கிழங்கு அகார் செய்து பார்க்கிறேன். ஒரு முறை கட்டி கட்டியாக நின்றது, இன்னொரு முறை அடியில் மாவு படிந்தது. பற்றீரியா வராது என்று சொன்னார்களே என்று போன முறை கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு விட்டேன், அது உறையவே இல்லை. புறக்கோட்டைக் கடைக்காரர், ரெடிமேட் கலவையும் அன்டிபயோட்டிக் பொடியும் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார். விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. வழவழப்பான அகாரை வீட்டில் செய்யவே முடியாதா ஐயா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் சகோதரி. அந்தக் கலவையும் வேண்டாம், பொடியும் வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீரில் அகார் தூளைக் கொட்டினால் தூளின் வெளிப்புறம் உடனே பசையாகிவிடும். உள்ளே இருப்பது நனையாமல் அகப்பட்டுக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி லேசில் கரையாது. கிழங்கு அவித்து வடித்து ஆறிய சாற்றின் மேல் தூளைத் தூவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் வழியும் சாற்றில் ஒரு மணி கூடத் தெரியக்கூடாது. அடியில் மாவு படிந்தது கிழங்கை மசியும்வரை அவித்ததால். துண்டு துண்டாக வெட்டி, இரண்டு தண்ணீரில் கழுவி, உடையாத பதத்தில் அவித்து, பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். துணியைப் பிழிய வேண்டாம், தானாக இறங்கும் சாறு போதும். வடித்த சாற்றில் தண்ணீர் சேர்த்து அரை லீற்றராக்குங்கள். அந்த அளவுக்கு 100 கிராம் கிழங்கு, 10 கிராம் குளுக்கோஸ், 10 கிராம் அகார். குளுக்கோஸ் சுவை சேர்க்காததாக இருக்கட்டும்.

தேசிக்காயை மறந்துவிடுங்கள். புளிப்போடு சேர்த்துக் குக்கரில் சூடேற்றினால் அகாரின் உறையும் சக்தி போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அகார் என்பது நோன்பு காலத்தில் கொழும்பு முஸ்லிம் வீடுகளில் காய்ச்சும் அதே கடல்பாசிதான். சீனியும் நிறமும் சேர்க்காத தூள் என்றால் பலசரக்குக் கடையில் வாங்குவதே போதும். இழையாகக் கிடைத்தால் அரை மணியாவது ஊறவைத்துப் பிறகு காய்ச்சுங்கள். ஆய்வுகூடத்துக்கு இது போனதும் குசினி வழியாகத்தான். 1881இல் ஜெர்மனியில் பற்றீரியா ஆய்வாளர் ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேக்கு, கோடையில் ஜெலட்டின் உருகி ஓடுவது பெரிய தலையிடியாக இருந்தது. அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னவர் அவர் மனைவி ஃபன்னி. ஜாவாவில் இருந்து வந்த ஒருவரிடம் அவர் கற்ற சமையல் அது. ஆகவே குசினி அகார் தரம் குறைந்தது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஜெலட்டினை மட்டும் தொடாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது.

இனி, காய்ச்சிய அகாரை உறைய வைக்கத் தட்டில் ஊற்றும் வேலை. நீங்கள் அதைச் செய்யவே வேண்டாம் என்பேன். கடற்காற்று அடிக்கும் மாடி வீட்டில் அவித்த அகாரைத் திறந்து ஊற்றுவது பூஞ்சணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. காய்ச்சிய அகாரைச் சிறிய கண்ணாடிப் போத்தல்களில் ஒரு விரல் தடிப்புக்கு விட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றி, போத்தலோடு குக்கரில் அவியுங்கள். நீராவி நன்றாக வந்த பிறகு தீயைக் குறைத்து 40 நிமிடம். அடியில் தண்ணீர் வற்றக்கூடாது. அமுக்கம் தானாக இறங்கட்டும். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போத்தலுக்குள் இருப்பது பொங்கி மூடிக்கு வரும். சூடு இருக்கும்போதே ஒவ்வொரு போத்தலையும் மெதுவாகச் சுழற்றிவிட்டு, மூடியை இறுக்கி, தடித்த துவாயால் போர்த்தி ஆறவிடுங்கள். சுழற்றாவிட்டால் அடியில் கெட்டியாகவும் மேலே தண்ணியாகவும் உறையும்.

அகார் தெளிவாக இருக்க வேண்டும் என்று நானும் பிடிவாதமாகச் சொல்வேன். அழகுக்காக இல்லை. போத்தலைத் தூக்கி அடிப்பக்கம் வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே வளர்வது என்ன என்று தெரியவேண்டும். மாவு கலங்கிய அகாரில் பற்றீரியாவின் முதல் புள்ளி கண்ணில் படாது.

எதைப் பார்ப்பதற்கு என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. பொதி பச்சையானதற்கு வித்துத்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வித்துப் போட்ட வாய்ப்பக்கம் தொடங்கினால் வித்தோ, போடும்போது பட்ட காற்றோ காரணமாகலாம். அடியிலோ நடுவிலோ தொடங்கினால் மரத்தூள் சரியாக அவியவில்லை, அல்லது அதில் கலந்த தவிடு கூடிப்போய்விட்டது. அப்படியானால் உலகத்திலேயே நல்ல தாய் வித்தை எடுத்தாலும் பொதி பச்சைதான் ஆகும்.

எனவே முதல் அகாரைத் தாய் வித்துக்குச் செலவழிக்காதீர்கள். செய்த போத்தல்களை ஒன்றும் போடாமல் ஒரு கிழமை அலுமாரியில் வைத்துப் பாருங்கள். எதுவும் முளைக்காத போத்தல்தான் பாவிக்கத் தகுந்தது. இதை அவசரக்காரர்கள் யாரும் செய்வதில்லை. நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பம். பிறகு வாங்கிய வித்துப் பையிலிருந்து மூன்று நான்கு தானியங்களை, ஒரு போத்தலுக்கு ஒன்றாக வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கை நுழையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் செய்தால் நல்லது. ஒரு போத்தலில் தானியம் போடாமல், சும்மா திறந்து மூடி வையுங்கள். அதிலும் ஏதாவது முளைத்தால் குற்றம் உங்கள் கையிலும் காற்றிலும்தான்.

தானியத்தைச் சுற்றி வெள்ளை நூல்கள் கதிர் போல எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படர்ந்தால் அது சிப்பிக் காளான். இரண்டு மூன்று நாளிலேயே மெல்லிய வெள்ளைப் படலம் போத்தலை நிரப்பி, அப்புறம் திட்டுத் திட்டாகப் பச்சையானால் அது டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சணம். தானியத்தின் ஓரத்தில் பளபளவென்று சளி போலக் கசிந்தால் பற்றீரியா. வெறும் போத்தல் சுத்தமாக இருந்து, தானியம் போட்ட போத்தல்கள் ஒன்றுக்கு மேல் இப்படிக் கெட்டால், அவற்றைத் திறக்காமல் கொண்டுபோய் வித்து விற்றவரின் மேசையில் வையுங்கள். தயாரித்த திகதி போடாத வித்துப் பையை விற்பவரிடம் இனி வாங்கவே வேண்டாம். வித்து உயிருள்ள பொருள், பழசாகப் பழசாகச் சோரும். திகதியை மறைப்பவர் அது தெரிந்துதான் மறைக்கிறார்.

அன்டிபயோட்டிக் பொடியில் எனக்குக் கடும் கோபம் உண்டு. அது தடுப்பது பற்றீரியாவை மட்டும். உங்கள் பொதியைக் கெடுக்கும் பச்சையும் காளானைப் போல ஒரு பூஞ்சணம், அதை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், அழுக்கான வித்தை அது சுத்தமானது போலக் காட்டிவிடும். மருந்து இல்லாத தானியத்துக்கு மாற்றியதும் அடங்கிக் கிடந்த பற்றீரியா மறுபடி எழும்பும். மனிதருக்கு உயிர் காக்கும் மருந்தைக் குசினியில் கண்டபடி கலப்பதும் சரியில்லை. இதை விற்பவருக்கு உங்கள் காளானில் அக்கறை கிடையாது.

இந்தச் சோதனையில் வித்து நல்லது என்று தெரிந்தால் தாய் வித்து எடுக்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, மரத்தூள் அவிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். வெறும் நீராவிப் பீப்பாயில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பச்சை பிடித்த போத்தலை மணந்து பார்க்கவென்று வீட்டுக்குள் திறக்காதீர்கள். வித்து விற்றவருக்குக் காட்ட வேண்டியது போக மிச்சத்தை மூடியைச் சற்றே தளர்த்தி அப்படியே குக்கரில் இன்னொரு தரம் அவித்து, ஆறிய பிறகு கழுவுங்கள்.