ஸ்பிராங்கரோட 'ஹெர்குலிஸும் ஓம்ஃபாலியும்' ஓவியத்துல ஹெர்குலிஸ் ஏன் பொம்பள டிரெஸ்ல இருக்கான்?

கிரேக்கப் புராணக் கதைப்படி ஒரு கொலைக்குத் தண்டனையா அவன் லிடியா நாட்டு ராணி ஓம்ஃபாலிகிட்ட அடிமையா இருக்கான், அப்புறம் காதலனாவும் ஆயிடுறான், அதான் அவனோட கதாயுதமும் சிங்கத்தோலும் அவகிட்ட, இவன் பொம்பள டிரெஸ்ல உக்காந்து நூல் நூக்குறான். ஆனா முக்கியமாப் பாக்க வேண்டியது அவ நிக்குற விதத்தை: நமக்கு முதுகைக் காட்டி, உடம்பை வளைச்சு, தலையை மட்டும் திருப்பிப் பாக்குறா, நிஜத்துல யாரும் அப்படி நிக்க மாட்டாங்க, மேனரிஸ்ட் (16-ம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவிய பாணி) ஓவியர்களுக்கு இயல்பை விட அந்த வளைவோட அழகுதான் பெருசு, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான். 1585 வாக்குல செப்புத் தகட்டுல வரைஞ்சதால தோல் அவ்ளோ வழவழன்னு இருக்கு, உயரம் வெறும் 24 செ.மீ. தான்! ஸ்பிராங்கர் அப்போ பிராகுல ரெண்டாம் ருடால்ஃப் பேரரசரோட அரசவை ஓவியர், படம் இப்ப வியன்னா மியூசியத்துல இருக்கு.