பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், உயிரியல் இல்லை. பி.பார்ம் (மருந்தியல் பட்டப்படிப்பு) கிடைக்காது என்கிறார் ஒருவர், சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். இயற்பியல், வேதியியலோடு கணிதம் படித்திருக்கிறீர்களே, அதுவே போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தது தடையில்லை. "கிடைக்காது" என்று சொன்னவர் எம்.பி.பி.எஸ். தகுதியோடு குழப்பிக்கொண்டிருப்பார்.

முதல் செமஸ்டரில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ரெமிடியல் பயாலஜி, அதாவது அடிப்படை உயிரியலை ஈடுகட்டும் தாள் உண்டு. பயாலஜி படித்து வந்தவர்களுக்கு அந்த இடத்தில் கணக்கு. ஆனால் அனாடமியும் (உடற்கூறியல்) அதே செமஸ்டரில் தொடங்கிவிடும். எலும்புகளின் பெயர்களே மலைக்க வைக்கும். இந்த விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை வாங்கி, மனித உடல் பாடங்களைப் படித்துவிடுங்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பி.பார்ம் படிப்புக்கு பார்மசி சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், நான்கு வருடம் படித்தும் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது.